சுவான்சன் தெருவின் பிங்கோ கூடம்: ஒரு மல்யுத்த நிறுவனத்தின் தொடக்க காலத்தைத் தேடி

திங்கள், பிலடெல்பியா நகர மையம்

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம் என்றால் நினைவுக்கு வருவது கேபிள் தொலைக்காட்சியும் பள்ளி இடைவேளையில் விளையாடிய டிரம்ப் கார்டுகளும்தான். அந்தச் சீட்டுகளில் இருந்தவர்கள் எல்லோரும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற ஒரே பெரிய நிறுவனத்தின் நட்சத்திரங்கள். அதே ஆண்டுகளில் பிலடெல்பியாவில் ஒரு சிறு நிறுவனம் வாடகைக்குப் பணமில்லாமல், தொலைக்காட்சியில் நேரம் கிடைக்காமல், வளர்த்துவிட்ட வீரர்களைப் பெரிய நிறுவனங்களுக்குப் பறிகொடுத்துக்கொண்டே அந்தத் தொழிலின் போக்கை மாற்றியது என்பது நமக்கெல்லாம் மிகப் பின்னாளில்தான் தெரிய வந்தது. எக்ஸ்ட்ரீம் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங், சுருக்கமாக இ.சி.டபிள்யூ., தொடங்கித் தத்தளித்த இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்கிறேன்.

முதலில் சென்றது பத்தாம் தெருவும் சான்சம் தெருவும் சந்திக்கும் முனைக்கு. 1860இல் தொடங்கப்பட்ட கார்வர் டபிள்யூ. ரீட் என்ற நகை அடகுக் கடையின் முகவரி அது. அதை நடத்தியவரான டாட் கார்டன்தான் இ.சி.டபிள்யூ.வின் நிறுவனர். அவருக்கு முன்பு பிலடெல்பியாவில் ஜோயல் குட்ஹார்ட் என்பவர் டிரை-ஸ்டேட் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற பெயரில் நிகழ்ச்சிகளை நடத்திவந்தார். புகழ்பெற்ற வீரர்களைப் பெருந்தொகை கொடுத்து வரவழைப்பது அவருடைய வழக்கம். வசூல் அந்தச் செலவைத் தாங்கவில்லை. 1992 தொடக்கத்தில் அவர் கடையை மூடியபோது, கூட்டாளியாக இருந்த கார்டன் எஞ்சியதை எடுத்துக்கொண்டு ஈஸ்டர்ன் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங் என்று பெயரிட்டார். அதாவது, இந்த நிறுவனம் பிறந்ததே இன்னொரு நிறுவனத்தின் நட்டத்திலிருந்துதான்.

முதல் நிகழ்ச்சி 1992 பிப்ரவரி 25 அன்று இந்த நகரத்தின் ஒரு மதுக்கூடத்தில் நடந்தது. தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஸ்பெக்ட்ரம் அரங்கில் பெரிய நிறுவனத்தின் நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்ட அதே நகரில், மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே இவர்கள் மல்யுத்த மேடையான ரிங்கை அமைத்தார்கள். முதல் சாம்பியன் ஜிம்மி ஸ்னூக்கா. அவருடைய பொற்காலம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. பெயர் தெரிந்த ஒருவர் சுவரொட்டியில் இருந்தால்தான் நாலு பேர் வருவார்கள்; அப்படிப்பட்டவர்களில் குறைந்த ஊதியத்துக்குக் கிடைப்பவர்கள் ஓய்வை நெருங்கியவர்களே. புதிதாகத் தொடங்கும் மல்யுத்த நிறுவனம் ஒவ்வொன்றும் மாட்டிக்கொள்ளும் பொறி இது என்று நினைக்கிறேன்.

செவ்வாய், ராட்னர்

நகர மையத்திலிருந்து மேற்கே செல்லும் புறநகர் ரயிலில் ஏறி, செல்வச் செழிப்பான ஊர்கள் வரிசையாக நிற்கும் பாதையில் ராட்னர் நிலையத்தில் இறங்கி, மரங்கள் அடர்ந்த சாலையில் நடந்தால் கப்ரீனி கல்லூரி வளாகம் வருகிறது. பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்தக் கத்தோலிக்க நிறுவனம் 2024இல் மூடப்பட்டு, வளாகம் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் கைக்குச் சென்றுவிட்டது. இத்தனை அமைதியான இடத்தில்தான் 1993இல் இ.சி.டபிள்யூ. தன்னுடைய முதல் தொலைக்காட்சி ஒளிப்பதிவுகளைச் செய்தது என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

தொலைக்காட்சி இல்லாமல் மல்யுத்தத் தொழில் நடக்காது. இது கதை சொல்லும் தொழில். யாருக்கும் யாருக்கும் பகை, ஏன் பகை என்பது வாரந்தோறும் வீட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் பார்வையாளர் டிக்கெட் வாங்குவார். கார்டன் ஸ்போர்ட்ஸ்சேனல் பிலடெல்பியா என்ற உள்ளூர் விளையாட்டு அலைவரிசையில் ஓர் இடத்தைப் பிடித்தார். பின்னர் நியூயார்க்கில் ஒளிபரப்பு கிடைத்தபோது அது நள்ளிரவுக்கு மேல். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் வீடியோவில் பதிவு செய்து பார்த்தார்கள்; அந்த ஒளிநாடாக்கள் கைமாறிக் கைமாறி நாடெங்கும் பரவின. விளம்பரத்துக்குச் செலவழிக்க வழியில்லாத நிறுவனத்துக்கு ரசிகர்களே செய்துகொடுத்த விளம்பரம் அது.

அந்த ஒளிபரப்பில் என் மனம் எப்போதும் நிற்பது வர்ணனையாளர் ஜோயி ஸ்டைல்ஸிடம். பெரிய நிறுவனங்களில் இருவர் அல்லது மூவர் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் நடப்பதைச் சொல்வார், இன்னொருவர் வில்லன் பக்கம் நின்று வாதாடுவார். ஸ்டைல்ஸ் தனியாகவே பேசினார். ஒவ்வொரு பிடியின் பெயரையும், அது எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தார் என்பதையும் மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே போவார். ஆள் குறைவாக இருந்ததுதான் அதன் வசதி. கேட்பவர்களுக்கோ ஒரு ரசிகன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது போன்ற உணர்வு கிடைத்தது. இல்லாமையைப் பாணியாக மாற்றிக்கொள்ளும் இந்தத் திறமையை இந்த நிறுவனத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

புதன், தெற்கு பிலடெல்பியா

பிராட் தெரு சுரங்க ரயிலில் ஆரிகன் நிலையத்தில் இறங்கி, டெலவேர் ஆற்றை நோக்கிக் கிழக்கே நடந்தேன். செங்கல் வரிசை வீடுகள் மெல்லக் குறைந்து, கிடங்குகளும் லாரி நிறுத்தங்களும் தொடங்குகின்றன. ஐ-95 நெடுஞ்சாலை தூண்களின் மேல் உயர்ந்து செல்லும் இடத்தில், அதன் ஓரமாகவே, சுவான்சன் தெருவும் ரிட்னர் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது அந்தக் கட்டடம். இன்று அதற்கு 2300 அரீனா என்று பெயர். புதுப்பிக்கப்பட்டு, குத்துச்சண்டையும் மல்யுத்தமும் தொடர்ந்து நடக்கின்றன. 1993இல் இ.சி.டபிள்யூ. இங்கே வந்தபோது இது வைகிங் ஹால். சரக்குக் கிடங்காக இருந்த இந்தக் கட்டடம், புத்தாண்டு நாளில் பிலடெல்பியாவில் நடைபெறும் மம்மர்ஸ் ஊர்வலத்தில் பங்கேற்கும் ஒரு குழுவினரின் பயிற்சிக் கூடமாக இருந்தது. இரவில் பிங்கோ ஆட்டம் நடக்கும். அதனால்தான் பழைய ரசிகர்கள் இன்றும் இதைப் பிங்கோ கூடம் என்றே அழைக்கிறார்கள்.

வெளியே நின்று பார்த்தால் எந்தச் சிறப்பும் இல்லை. தாழ்வான, நீண்ட கட்டடம், தலைக்கு மேல் இடைவிடாத வாகன இரைச்சல். ஆயிரத்துச் சொச்சம் பேர் நெருக்கியடித்து உட்காரக்கூடிய இடம், அந்நாட்களில் குளிரூட்டி கிடையாது, கோடை இரவுகளில் உள்ளே அனல் பறக்கும். அப்படியும் அந்தக் கூட்டம் சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் வந்தது. முன்வரிசையில் ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்ததால், வைக்கோல் தொப்பியும் பூப்போட்ட சட்டையும் அணிந்த ஒரு ரசிகர் நிகழ்ச்சியின் பாத்திரமாகவே ஆகிவிட்டார். வீட்டிலிருந்து வாணலி, சீஸ் துருவி, பழைய வீடியோ கருவி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து ரிங்குக்குள் நீட்டுவார்கள். வீரர்கள் அதை வாங்கி எதிராளியின் தலையில் அடிப்பார்கள். சண்டைக்கான சாமான்களைக்கூட ரசிகர்களே கொண்டுவந்தார்கள்.

1993 செப்டம்பரில் கதையமைப்புப் பொறுப்பு எடி கில்பர்ட்டிடமிருந்து பால் ஹேமனிடம் வந்ததே திருப்பம். இன்னொரு பெரிய நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வில் பால் ஈ. டேஞ்சரஸ்லி என்ற மேலாளர் பாத்திரத்தில் நடித்தவர் ஹேமன். இருக்கிற வீரரின் பலத்தைக் காட்டி பலவீனத்தை மறைப்பது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. பப்ளிக் எனிமி என்ற இரட்டையர் தேர்ந்த மல்யுத்த வீரர்கள் அல்லர். அவர்களை ஒழுங்கான போட்டியில் விட்டால் குறைகள் தெரிந்துவிடும். ஹேமன் அவர்களைக் கூட்டத்துக்கு நடுவே, மேசைகளின் மேல், கதவுக்கு வெளியே சண்டை போட வைத்தார். சாபு மேசைகளை உடைத்துக்கொண்டு பறந்தார். சாண்ட்மேன் பீர் குடித்துக்கொண்டே கூட்டத்தின் வழியாக நடந்து வந்தார். அதே மேடையில் டீன் மலென்கோவும் எடி குவெரேரோவும் சுத்தமான நுட்ப மல்யுத்தத்தை ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த நிறுவனத்துக்கு நியாயம் செய்ததாகாது.

1994 ஆகஸ்ட் 13 இரவில் நடந்ததை அந்த மூலையில் நின்றபடி கற்பனை செய்து பார்த்தேன். டெரி ஃபங்க், காக்டஸ் ஜாக் ஆகியோரின் சண்டைக்குள் பப்ளிக் எனிமி புகுந்தனர். ஃபங்க் ரசிகர்களிடம் ஒரு நாற்காலி கேட்டார். ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. அதன் பின் அரங்கின் நாலா பக்கத்திலிருந்தும் மடக்கு நாற்காலிகள் பறந்து வந்து விழ, ரிங்குக்குள் கிடந்த பப்ளிக் எனிமி இருவரும் அந்தக் குவியலுக்குள் மறைந்துபோனார்கள். நிறுத்தச் சொல்லி அறிவித்தும் நாற்காலிகள் வருவது நிற்கவில்லை. யாருக்காவது உயிர் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. பணம் கொடுத்து வாங்க முடியாத ஓர் அறிமுகத்தை அது நிறுவனத்துக்குத் தேடித் தந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, இதே கூடத்தில் இன்னொன்று நடந்தது. வட்டார நிறுவனங்களின் கூட்டமைப்பாக 1948இல் தொடங்கப்பட்ட நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸின் உலகப் பட்டத்துக்கான போட்டித் தொடரை நடத்தும் வாய்ப்பு இ.சி.டபிள்யூ.வுக்குக் கிடைத்தது. இறுதியில் டூ கோல்ட் ஸ்கார்ப்பியோவை வென்ற ஷேன் டக்ளஸ், அந்தப் பழம்பெரும் பட்டத்துக்கான பெல்ட்டைத் தரையில் வீசியெறிந்துவிட்டு, கையிலிருந்த இ.சி.டபிள்யூ. பட்டத்தை உலகப் பட்டமாக அறிவித்தார். அலையன்ஸ் பிரதிநிதிகளுக்கு இது முன்கூட்டித் தெரியாது. தெரிந்தவர்கள் டக்ளஸ், ஹேமன், கார்டன் மூவரும்தான். சில நாட்களில் ஈஸ்டர்ன் என்ற சொல் போய் எக்ஸ்ட்ரீம் வந்தது. இதை நம்பிக்கைத் துரோகம் என்று சொல்பவர்களின் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆயினும் வட்டார நிறுவனம் என்ற அடையாளத்திலிருந்து வெளியே வர இந்தச் சிறு நிறுவனத்துக்கு வேறு எந்த வழி இருந்தது என்று யோசித்தால் எனக்கு விடை கிடைக்கவில்லை.

மதிய உணவுக்கு அருகிலுள்ள ஜான்ஸ் ரோஸ்ட் போர்க் கடைக்குப் போனேன். 1930 முதல் துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறு போட்ட கடை. வறுத்த பன்றி இறைச்சி, வதக்கிய கீரை, காரமான சீஸ் வைத்த நீள ரொட்டி. முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

வியாழன், மறுபடியும் அதே மூலை

இன்று காலை இரண்டாம் தெருவிலுள்ள மம்மர்ஸ் அருங்காட்சியகத்தை விரைவாகப் பார்த்துவிட்டு மீண்டும் சுவான்சன் தெருவுக்கே வந்தேன். காரணம், நிறுவனம் பிழைக்குமா என்பது முடிவான இரவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வாராந்திர ஒளிபரப்பிலிருந்து பெரிய வருமானம் இல்லை. வளர வேண்டுமானால் வீட்டிலிருந்தே கட்டணம் செலுத்திப் பார்க்கும் பே-பெர்-வியூ ஒளிபரப்பு வேண்டும். அதற்கான பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, 1996 நவம்பர் 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரிவியர் நகரில், வராத ஒரு வீரருக்குப் பதிலாக 17 வயதுப் பையன் ஒருவன் வயதையும் அனுபவத்தையும் பொய்யாகச் சொல்லி ரிங்கில் ஏறினான். நெற்றியில் கத்தி ஆழமாக இறங்கி, இரத்தம் கொட்டி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டான். பையன் பொய் சொன்னான் என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்காமல் ஒருவனை அந்த மாதிரிச் சண்டைக்குள் அனுப்பியது நிறுவனத்தின் பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒளிபரப்பு நிறுவனம் பின்வாங்கியது. ரசிகர்கள் கடிதம் எழுதியும் தொலைபேசியில் அழைத்தும் விடாமல் வற்புறுத்திய பின்பே பேச்சு மீண்டும் தொடங்கியது.

1997 ஏப்ரல் 13 அன்று, பேர்லி லீகல் என்ற பெயரில், இந்தக் கிடங்கிலிருந்து நேரலை சென்றது. ஸ்டைல்ஸ் ஏறத்தாழ மூன்று மணி நேரமும் தனியாகவே வர்ணித்தார். ஜப்பானிலிருந்து வந்த ஆறு வீரர்கள் அமெரிக்க ரசிகர்கள் அதுவரை கண்டிராத வேகத்தில் ஆடினார்கள். ஓராண்டுக்கும் மேலாக வளர்த்த, டாஸ், சாபு என்ற இரு வீரர்களின் பகை ரிங்கில் தீர்ந்தது. கடைசியில் 52 வயதான டெரி ஃபங்க், முகமெல்லாம் இரத்தத்துடன், ரேவனை வீழ்த்திப் பட்டத்தை வென்றார். ஒளிபரப்பு முடிந்த சற்று நேரத்துக்குள் அரங்கின் மின்மாற்றி வெடித்து எல்லா விளக்குகளும் அணைந்தன. சில நிமிடங்கள் முன்னால் அது நடந்திருந்தால், ஒளிபரப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தே நிறுவனம் அன்றிரவு முடிந்திருக்கும்.

வெள்ளி, குவீன்ஸ்

நியூயார்க்குக்குப் பேருந்தில் வந்து, குவீன்ஸ் பொலிவார்டில் இரண்டு கட்டடங்களைப் பார்த்தேன். ரெகோ பார்க்கிலுள்ள லாஸ்ட் பட்டாலியன் ஹால், முதல் உலகப் போரில் சூழப்பட்டு நின்ற ஒரு படைப்பிரிவின் நினைவாகப் பெயரிடப்பட்ட பொதுப் பொழுதுபோக்குக் கூடம். எல்ம்ஹர்ஸ்டிலுள்ள எல்க்ஸ் லாட்ஜ் 1920களின் கம்பீரமான கட்டடம். வாசலில் வெண்கலக் கடமான் சிலை நிற்கிறது, இப்போது உள்ளே தேவாலயம் இயங்குகிறது. பிலடெல்பியாவுக்கு வெளியே சந்தை தேடியபோது இ.சி.டபிள்யூ. வந்து சேர்ந்தது இத்தகைய இடங்களுக்குத்தான்.

இந்தத் தெருவில் நடந்தபோது மேடைக்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பற்றி யோசித்தேன். வீரர் டாமி டிரீமர் இரவில் அடிபட்டுவிட்டுப் பகலில் அலுவலக வேலை பார்த்தார். டாஸ் பனியன்களை வடிவமைத்தார். அவரும் பெரி சாட்டர்னும் ஹவுஸ் ஆஃப் ஹார்ட்கோர் பயிற்சிப் பள்ளியை நடத்தினார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று வேலை பார்த்தால்தான் நிறுவனம் ஓடும் என்ற நிலையில், அதற்கெல்லாம் தனித்தனி ஊதியம் கேட்டவர்கள் குறைவு. சொந்த வீடு கட்டுவதுபோல் உழைத்தார்கள். பத்திரம் மட்டும் அவர்கள் பெயரில் இல்லை.

இப்படி வளர்த்த ஆட்கள் நிலைக்கவும் இல்லை. 1995 ஆகஸ்ட் 26 அன்று மலென்கோவும் குவெரேரோவும் கடைசியாக மோதியபோது, இருவரும் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகிறார்கள் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். போகாதீர்கள் என்று கூட்டம் சேர்ந்து குரலெழுப்ப, வீரர்களும் ரசிகர்களும் அழுதார்கள். உறுதியான ஊதியம் தரும் இடத்துக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். 1997 பிப்ரவரியில் தன்னுடைய திங்கட்கிழமை நிகழ்ச்சியில் இ.சி.டபிள்யூ. வீரர்களுக்கு மேடை தந்தது. அது விளம்பரமாக உதவியது, அதே நேரத்தில் நல்ல வீரர்களை அடையாளம் காணவும் அவர்களுக்கு உதவியது.

சனி, மன்ஹாட்டன், 34ஆம் தெரு

ஹேமர்ஸ்டீன் பால்ரூம் இருக்கும் மன்ஹாட்டன் சென்டர், 1906இல் ஆஸ்கர் ஹேமர்ஸ்டீன் ஓப்பரா அரங்காகக் கட்டியது. பிங்கோ கூடத்தில் தொடங்கிய நிறுவனம் தன் கடைசிப் பே-பெர்-வியூ நிகழ்ச்சியை நடத்தியது இங்கேதான்.

இடைப்பட்ட காலத்தில் அவர்கள் தேடிய வரம் கிடைத்திருந்தது: 1999 ஆகஸ்டில் டி.என்.என். அலைவரிசையில் நாடு முழுவதும் ஒளிபரப்பு. வரம் வந்ததோடு செலவும் வந்தது. தேசிய ஒளிபரப்புக்கேற்ற தயாரிப்பு, தொலைதூரப் பயணம், வீரர்களைத் தக்கவைக்கக் கூடுதல் ஊதியம் எல்லாம் உடனே கொடுக்க வேண்டிய பணம். பே-பெர்-வியூ வசூலோ மாதக்கணக்கில் தாமதமாகத்தான் கைக்கு வரும். இந்த இடைவெளியைத் தாங்குவதற்கு முதலீட்டாளர் யாரும் இல்லை. வீரர்களுக்குக் கொடுத்த காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பின. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் டி.என்.என். இவர்களைக் கைவிட்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. பணமில்லாமல் வாழப் பழகிய நிறுவனத்துக்கு, பணம் தேவைப்படும் அளவுக்கு வளர்ந்ததே ஆபத்தாயிற்று என்று இந்த ஊர்களையெல்லாம் பார்த்த பிறகு எனக்குப் படுகிறது.

2001 ஜனவரி 7 அன்று இந்த மேடையில் ஊதிய பாக்கியால் ஒதுங்கியிருந்த ராப் வான் டாம் முன்னறிவிப்பின்றி வந்து ஜெரி லின்னுடன் மோதி வென்றார். ஆறு நாள் கழித்து ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் ஊரில் கடைசி நிகழ்ச்சி. ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது: கடன் சுமார் 89 லட்சம் டாலர், சொத்து சுமார் 14 லட்சம் டாலர். நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியோர் பட்டியலில் ஊதிய பாக்கிக்காக இடம்பெற்றவர்களில் வான் டாமும் டாமி டிரீமரும் உண்டு. அந்த மனுவின் வழியே நிறுவனத்தின் ஒளிநாடாக்களும் பெயரும் பின்னர், டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று பெயர் மாறிய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பிடம் சென்றன, 2005 ஜூனில் இதே ஹேமர்ஸ்டீனில் அந்தப் பெயரில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சிக்குப் பழைய பிலடெல்பியா முகங்கள் திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தன.